லாஜிக்கலா, ரீசனபிளா, வேலிடா, சவுண்டா? இங்கிலீஷ்ல எழுதுறவங்க எதை எங்க போடணும்

இங்கிலீஷ்ல ஒரு கட்டுரையோ ரிப்போர்ட்டோ எழுத உக்காந்தா "இந்த வாதம் சரியா இருக்கு", "இந்த முடிவு அதுலேருந்து தானா வருது", "இதனால வந்த விளைவு இது" இந்த மூணையும் சொல்லாம ஒரு பக்கம் தாண்ட முடியாது. ஆனா சொல்றதுக்குக் கைவசம் இருக்குறது பெரும்பாலும் லாஜிக்கல், கரெக்ட், குட், அவ்ளோதான். வேற வார்த்தை வேணும்னு தெசாரஸை, அதாவது ஒரே மாதிரி அர்த்தம் உள்ள வார்த்தைகளைச் சேத்துத் தர்ற அகராதியைத் தொறந்தா முப்பது வார்த்தை ஒரே கட்டத்துல எல்லாம் ஒண்ணுதான்ங்கற மாதிரி கொட்டிக் கிடக்கும், அதுல கேக்க கம்பீரமா இருக்குறதா பாத்து ஒண்ணை எடுத்துப் போட்டா அங்கதான் வினையே ஆரம்பிக்கும். நானும் இதுல நல்லா அல்லாடினவன்தான். எந்த லிஸ்ட்டை எடுத்தாலும் அர்த்தம் போட்டிருக்கும், எது எதோட சேரும் எதோட சேராதுன்னு மட்டும் போட்டிருக்காது. அந்தக் குறைய தீர்க்கத்தான் இது. ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ எழுதுறவங்க, தீசிஸ் எழுதுறவங்க, ஆஃபீஸ்ல மெயில்லயே காலம் ஓட்டுறவங்க எல்லாருக்கும் ஆகும்.

1. மொதல்ல கையில என்னென்ன வச்சுக்கணும்

காசு செலவு பண்ண வேண்டிய விஷயமே இல்ல இது, அதை மொதல்லயே சொல்லிடறேன். "அட்வான்ஸ்டு வொக்காபுலரி" கோர்ஸ்னு யாராவது காசு கேட்டா கொஞ்சம் பொறுங்க, கீழ சொல்றது எல்லாம் இலவசம்.

லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒண்ணு. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், லாங்மேன் மூணுமே ஆன்லைன்ல ஃப்ரீ, எதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. சாதாரண டிக்‌ஷனரி வேண்டாம், லேர்னர்ஸ்னு போட்டதுதான் வேணும், ஏன்னா அதுலதான் உதாரண வாக்கியம் நிறைய இருக்கும், பின்னாடி எந்த ப்ரெபொசிஷன் வரும்னு காட்டும், ஃபார்மலா இல்லையான்னு குறிச்சிருக்கும்.

அப்புறம் கார்ப்பஸ். நிஜமா ஜனங்க எழுதின கோடிக்கணக்கான வார்த்தைகளைச் சேத்து வச்சு, அதுல ஒரு வார்த்தை பக்கத்துல எந்த வார்த்தை அடிக்கடி வருதுன்னு காட்டுற சாதனம். ஸ்கெல்னு (SkELL) ஒண்ணு இருக்கு, ரெஜிஸ்டர் கூட பண்ண வேண்டாம், வார்த்தைய அடிச்சு வேர்டு ஸ்கெட்ச்னு இருக்குறதை அமுக்கினா போதும். கோகா (COCA) இன்னும் பெருசு, அமெரிக்க இங்கிலீஷ், அதுக்கு ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் போடணும், ஒரு நாளைக்கு இத்தனை தேடல்தான்னு கட்டுப்பாடு இருக்கும், நமக்கு அதுவே ஜாஸ்தி.

ஐஇஎல்டிஎஸ் எழுதுறவங்களா இருந்தா கூடுதலா ஒரே ஒரு டாக்குமெண்ட், ரைட்டிங் பேண்ட் டிஸ்கிரிப்டர்ஸ்னு, எப்படி எழுதினா எந்த மார்க்னு அவங்களே வெளியிட்டிருக்குற பிடிஎஃப். அதைப் படிக்காம வொக்காபுலரி பக்கமே போகாதீங்க, ஏன்னு கடைசில சொல்றேன்.

2. அட்ஜெக்டிவைத் தேடாதீங்க, நவுனைப் பிடிங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். "சரியான காரணத்தோட இருக்கு"ன்னு சொல்ல வரும்போது எது அப்படி இருக்குன்னு மொதல்ல எழுதுங்க. ஆளா? அவர் எடுத்த முடிவா? வாதமா? ஆதாரமா? விளைவா? இந்த அஞ்சுல ஒண்ணுதான் பெரும்பாலும் இருக்கும்.

ஆளைப் பத்தின்னா ரேஷனல், ரீசனபிள், சென்சிபிள், லாஜிக்கல் நாலும் வரும், ஆனா வேலிட் வராது, கோஜென்ட் (அழுத்தமா நம்ப வைக்கிற) வராது. முடிவு அல்லது யோசனைன்னா சென்சிபிள், சவுண்ட், ரேஷனல், ஜஸ்டிஃபைடு. வாதம்னா வேலிட், சவுண்ட், கோஜென்ட், கோஹியரன்ட், வெல்-ரீசன்டு. ஆதாரம்னா கன்குளூசிவ், கம்பெல்லிங், கன்வின்சிங். விளைவுன்னா ரிசல்டிங், ரிசல்டன்ட், கான்சிகுவென்ட், என்ஸ்யூயிங், அப்புறம் லாஜிக்கல்.

லாஜிக்கல் ஆளுக்கும் விளைவுக்கும் ரெண்டு பக்கமும் தலை காட்டுதுன்னு கவனிச்சிருப்பீங்க, முடிவுக்கும் வாதத்துக்கும் போட்டாலும் தப்பில்ல. அதனாலதான் நாம அதையே பிடிச்சுத் தொங்குறோம். தப்பு இல்ல, ஆனா ஒரே பக்கத்துல ஆறு தடவை வந்தா படிக்கிறவங்களுக்கு அலுத்துரும்.

3. வேலிட், சவுண்ட்: இந்த ரெண்டுக்கும் நேரம் ஒதுக்குங்க

தர்க்கம், தத்துவம், கணிதம் பக்கம் எழுதுறவங்க இங்க சறுக்கினா மார்க் நேரா போயிரும்.

தர்க்கத்துல வேலிட்னா முன்னாடி சொன்ன கூற்றுகள் உண்மைன்னு வச்சுக்கிட்டா முடிவும் உண்மையா இருந்தே ஆகணும், அவ்ளோதான். கூற்றுகள் நிஜத்துல உண்மையா இல்லையான்னு வேலிட் கவலையே படாது. "எல்லாப் பறவையும் பறக்கும், பென்குயின் ஒரு பறவை, அதனால பென்குயின் பறக்கும்." இந்த வாதம் வேலிட். ஆமா, முடிவு பொய்யாவே இருந்தாலும் வேலிட்தான், ஏன்னா அமைப்பு சரியா இருக்கு. ஆனா இது சவுண்ட் இல்ல, ஏன்னா மொத வரியே பொய். சவுண்ட்னா வேலிடாவும் இருக்கணும், கூற்றுகள் எல்லாம் உண்மையாவும் இருக்கணும், ரெண்டும் சேந்தாத்தான். அப்போ சவுண்டான வாதம் எல்லாமே வேலிட், வேலிடான வாதம் எல்லாம் சவுண்ட் இல்ல.

தர்க்கத்தோட அடிப்படைப் பாடத்துல வேலிட்ங்கறது வாதத்துக்கு, தனி வாக்கியத்துக்கு ட்ரூ அல்லது ஃபால்ஸ்தான். அங்க சாதாரண வாக்கியத்தைப் போய் வேலிட்னு எழுதினா சிவப்பு மைதான்.

கோஜென்ட் இருக்கே, அதுக்கும் இங்க தனி வேலை உண்டு. மேல சொன்னது எல்லாம் டிடக்டிவ் வாதம், முடிவு கட்டாயமா வர்ற வகை. இன்டக்டிவ் வாதத்துல முடிவு கட்டாயம் வராது, அநேகமா வரும், நாம பாத்த பல உதாரணத்துலேருந்து பொதுவா ஒண்ணு சொல்ற வகை. அங்க வேலிட், சவுண்ட் பேச்சே இல்ல, ஸ்ட்ராங், கோஜென்ட்தான். கூற்றுகள் முடிவை நல்லா தாங்கினா ஸ்ட்ராங், அதோட கூற்றுகள் உண்மையாவும் இருந்தா கோஜென்ட்.

இப்ப வகுப்பறைய விட்டு வெளிய வாங்க. சாதாரண இங்கிலீஷ்ல இவ்ளோ கறார் கிடையாது. வேலிட் பாயிண்ட், வேலிட் ரீசன், வேலிட் கன்சர்ன் எல்லாம் தாராளமா சொல்லலாம், பாஸ்போர்ட் டிக்கெட் பாஸ்வேர்டுக்கும் வேலிட்தான். சவுண்ட் அட்வைஸ், சவுண்ட் ஜட்ஜ்மெண்ட், சவுண்ட் இன்வெஸ்ட்மெண்ட், சவுண்ட் ரீசனிங் எல்லாம் நாள்தோறும் புழங்குற ஜோடி. கோஜென்ட் மட்டும் சாதாரண பேச்சுல கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட மாதிரி இருக்கும், கோஜென்ட் ஆர்க்யுமெண்ட்னு எழுத்துல போடுங்க, பேசும்போது குட் ஆர்க்யுமெண்ட்னே சொல்லிட்டுப் போங்க.

ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இன்னொரு வேலிட் இருக்கு. அங்க ஒரு டெஸ்ட் வேலிட்னா எதை அளக்குறோம்னு சொல்றோமோ அதைத்தான் அளக்குதுன்னு அர்த்தம். ரிலையபிள்னா திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே மாதிரி வருதுன்னு அர்த்தம். எடை மெஷின் ஒவ்வொரு தடவையும் சரியா 2 கிலோ கூடவே காட்டுச்சுன்னா அது ரிலையபிள், வேலிட் இல்ல. சிக்னிஃபிகன்ட்டும் அதே கதைதான், பேப்பர்ல சிக்னிஃபிகன்ட் ரிசல்ட்னு எழுதினா படிக்கிறவங்க புள்ளியியல் டெஸ்ட் பண்ணிருக்கீங்கன்னுதான் எடுத்துப்பாங்க, சும்மா பெருசா இருக்குன்னு சொல்ல அதைப் போடாதீங்க.

4. ரேஷனல், ரீசனபிள், சென்சிபிள்

இது மூணும் ஆளுக்கும் முடிவுக்கும் வர்ற கும்பல். தமிழ்ல மூணுக்குமே "அறிவோட"ன்னு சொல்லிடலாம், அதுலதான் குழப்பம்.

ரேஷனல்னா உணர்ச்சி வசப்படாம யோசிச்சு. பயத்துல, கோவத்துல எடுக்காத முடிவு. அதுக்கு எதிர்ப்பதம் இர்ரேஷனல், இர்ரேஷனல் ஃபியர்னு அடிக்கடி பாப்பீங்க. ஸ்பெல்லிங்ல கடைசில ஒரு ஈ சேந்துட்டா அது வேற வார்த்தை, ரேஷனேல், அது காரணம்ங்கற நவுன், ப்ரொபோசல் எழுதுறவங்க இதை மாத்தி மாத்திப் போடுறதை நிறைய பாத்திருக்கேன், ஸ்பெல்செக்கும் பிடிக்காது.

ரீசனபிள்னா நியாயமா, மிதமா, அளவா. ரீசனபிள் பிரைஸ், ரீசனபிள் ரிக்வெஸ்ட், ரீசனபிள் டைம். குற்ற வழக்குல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்ங்கறதைச் சொல்ல பியாண்ட் ரீசனபிள் டவுட்னு சொல்றதும் இதேதான், கற்பனையான சந்தேகம் இல்ல, நியாயமான சந்தேகம். இதுல லாஜிக்கை விட நியாயத்தோட வாடைதான் தூக்கல். ஒருத்தர் கேக்குறது ரேஷனலா இருக்கலாம், அவர் லாபத்துக்கு அது ரொம்ப புத்திசாலித்தனம், ஆனா மத்தவங்க பாடு திண்டாட்டம், அப்போ அது அன்ரீசனபிள்.

ரீசன்டுன்னு ஒண்ணு இருக்கு, சமீபத்துலன்னு சொல்ற ரீசென்ட் இல்ல இது, காரணத்தோட அடுக்கி எழுதினதுன்னு அர்த்தம். ரீசன்டு ஆர்க்யுமெண்ட், வெல்-ரீசன்டு எஸ்ஸே. ரீசனபிள் ஆர்க்யுமெண்ட்னா "பரவால்ல, ஏத்துக்கலாம்", வெல்-ரீசன்டு ஆர்க்யுமெண்ட்னா "நல்லா உழைச்சிருக்கார்". ஒருத்தரோட பேப்பரைப் பாராட்டணும்னா ரெண்டாவதைப் போடுங்க.

சென்சிபிள் நடைமுறை புத்தி. தத்துவக் கட்டுரையில தேவைப்படாது, ஆஃபீஸ் மெயில்ல அருமையா உக்காரும். சென்சிட்டிவோட குழப்பிக்காதீங்க, அது சட்டுன்னு மனசு நோகுறவங்களுக்கும் ரகசியமான டேட்டாவுக்கும்.

லாஜிக்கலோட ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்குற லாஜிஸ்டிகல் இருக்கே, அதுக்கும் தர்க்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஆள், பொருள், வண்டி ஏற்பாடு சம்பந்தப்பட்டது அது. லாஜிஸ்டிகல் ப்ராப்ளம்னா ஏற்பாட்டுல சிக்கல், யோசனைல சிக்கல் இல்ல.

5. விளைவைச் சொல்ற வார்த்தைகள், கண்ணிவெடி ஜாஸ்தி உள்ள இடம்

"அதனால ஏற்பட்ட"ன்னு சொல்ல சுலபமான பாதுகாப்பான வார்த்தை ரிசல்டிங். நவுனுக்கு முன்னாடி போடுங்க, முடிஞ்சது: த ரிசல்டிங் டிலே, த ரிசல்டிங் லாஸ். எங்கயும் தப்பாகாது. சந்தேகம் வந்தா இதையே போட்டுட்டு நகருங்க.

ரிசல்டன்ட் கொஞ்சம் ஃபார்மல், இயற்பியல்ல ரிசல்டன்ட் ஃபோர்ஸ்னு பல விசை சேந்து கிடைக்கிற ஒரே விசைக்குப் பேரே அதுதான். பொதுக் கட்டுரையில ரிசல்டிங் போதும்.

என்ஸ்யூயிங்னா ஒண்ணைத் தொடர்ந்து வர்றது, பெரும்பாலும் அதனாலயே வர்றது. என்ஸ்யூயிங் கேயாஸ், என்ஸ்யூயிங் டிபேட். ஒரு சம்பவம் நடந்து அதுக்கப்புறம் ஒரே களேபரம்னு கதை மாதிரி சொல்லும்போது நல்லா இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கான்சிகுவென்ட், கான்சிகுவென்ஷியல், சப்சிகுவென்ட், கன்செக்யூட்டிவ். நாலும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை நாலு விதம்.

கான்சிகுவென்ட்: அதனால வந்த. எழுத்து நடையில மட்டும் பாப்பீங்க. பின்னாடி ஆன் அல்லது அபான் வரும்.

கான்சிகுவென்ஷியல்: இதுக்கு ரெண்டு முகம். ஒண்ணு முக்கியமான, பெரிய பின்விளைவு உள்ள, கான்சிகுவென்ஷியல் டெசிஷன்னா பல பேர் வாழ்க்கைய மாத்துற முடிவு. இன்னொண்ணு அதனால மறைமுகமா வந்த, இது சட்டம், இன்சூரன்ஸ் பேப்பர்ல கான்சிகுவென்ஷியல் லாஸ்னு வரும். மெஷின் உடைஞ்சது நேரடி நஷ்டம், மெஷின் உடைஞ்சதால வியாபாரம் நின்னு போன நஷ்டம் கான்சிகுவென்ஷியல். காண்ட்ராக்ட்ல இந்த வார்த்தையப் பாத்தா "முக்கியமான நஷ்டம்"னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க, பெரும்பாலும் "அந்த மாதிரி நஷ்டத்துக்கு நாங்க பொறுப்பு இல்ல"ன்னு சொல்றதுக்குத்தான் அது அங்க உக்காந்திருக்கும். எதிர்ப்பதம் இன்கான்சிகுவென்ஷியல், அதுக்கு அற்பமான, கணக்குல எடுக்கத் தேவையில்லாதன்னுதான் அர்த்தம்.

சப்சிகுவென்ட்: பின்னாடி வந்த. அவ்ளோதான். காரணம் அதுதான்னு அது சொல்லவே இல்ல. இதைக் காரண விளைவு இடத்துல போடுறது ரொம்ப ரொம்ப சகஜமான தப்பு. "மருந்து சாப்பிட்டார், சப்சிகுவென்ட் ரெக்கவரி"ன்னு எழுதினா மருந்தாலதான் குணமாச்சுன்னு நீங்க சொல்லல, அப்புறம் குணமாச்சுன்னுதான் சொல்லிருக்கீங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில சில சமயம் இதுவே நமக்கு வேணும், காரணத்தை நிரூபிக்கலன்னா தைரியமா சப்சிகுவென்ட்லயே நில்லுங்க.

கன்செக்யூட்டிவ்: அடுத்தடுத்து, இடைவெளி விடாம. மூணு நாள் தொடர்ந்து மழைன்னா இது. விளைவுக்கும் இதுக்கும் ஒட்டே இல்ல.

விளைவு தர்க்கப்படி தானா வருதுன்னு அழுத்திச் சொல்லணும்னா லாஜிக்கல் கான்சிகுவென்ஸ், லாஜிக்கல் அவுட்கம், லாஜிக்கல் நெக்ஸ்ட் ஸ்டெப். வந்தே தீரும், தப்பிக்க முடியாதுன்னா இன்னெவிட்டபிள். இன்னெவிட்டபிளை சும்மா சும்மா போடாதீங்க, அது பெரிய வாக்குறுதி, ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில "டெக்னாலஜியால வேலை இழப்பு இன்னெவிட்டபிள்"னு எழுதிட்டு அடுத்த பாராவுல அதைத் தடுக்க வழி சொல்றவங்க நிறைய. லைக்லி போட்டிருந்தா பிரச்சனையே இல்ல.

6. ஒட்டுதா ஒட்டலையா

கோஹியரன்ட்னா ஐடியா ஒண்ணோட ஒண்ணு சேந்து மொத்தமா புரியுது. கோஹிசிவ்னா வாக்கியங்கள் தேர்ஃபோர், ஹவெவர், திஸ் மாதிரி சொற்களால இழுத்துக் கட்டப்பட்டிருக்கு. கோஹிசிவா இருந்தும் கோஹியரன்டா இல்லாத பாரா எழுதுறது நமக்கெல்லாம் கை வந்த கலை, ஒவ்வொரு வரிக்கும் மோர்ஓவர் போட்டு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இல்லாம.

கன்சிஸ்டன்ட்னா முன்னுக்குப் பின் முரண் இல்லாதது. பின்னாடி வித் வரும். ஆராய்ச்சில "நம்ம ரிசல்ட் அந்தத் தியரியோட கன்சிஸ்டன்ட்"னு எழுதினா தியரி நிரூபணம் ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, அதோட மோதலன்னு அர்த்தம். ரொம்ப அடக்கமான, ரொம்ப உபயோகமான வார்த்தை. ப்ரூவ்ஸ்னு கத்துறதுக்கு பதிலா இதைப் போட்டுப் பழகுங்க.

7. எவ்ளோ உறுதியா சொல்றீங்க? படி பாத்து ஏறுங்க

ஆதாரமோ விளக்கமோ எவ்ளோ பலம்னு சொல்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. கீழ்ப்படில பிளாசிபிள், நடந்திருக்கலாம், கேக்க நம்புற மாதிரி இருக்கு. அதுக்கு மேல கன்வின்சிங், நான் நம்பிட்டேன். அதுக்கு மேல கம்பெல்லிங், நம்பாம இருக்க முடியல. உச்சில கன்குளூசிவ், இனிமே பேச்சே இல்ல, முடிஞ்சது. பெர்சுவேசிவ் கன்வின்சிங் பக்கத்துலயே நிக்கும், ஆனா அதுல பேச்சுத் திறமையோட வாடை உண்டு, உண்மை இல்லாமயும் ஒருத்தர் பெர்சுவேசிவா பேசலாம்.

பிளாசிபிள்ல ஒரு சூட்சுமம் இருக்கு. பிளாசிபிள் எக்ஸ்பிளனேஷன்னா சரி, பிளாசிபிள் லையர்னா நம்புற மாதிரி பொய் சொல்றவன். அதனால ஒருத்தரோட தியரியப் பாராட்டுறதா நினைச்சு பிளாசிபிள்னு எழுதினா அவர் "ஓ, அவ்ளோதானா"ன்னு நினைக்க வாய்ப்பு இருக்கு. பிளாசிபிளையும் ஃபீசிபிளையும் மாத்திடாதீங்க, ஃபீசிபிள் செஞ்சு முடிக்கக்கூடியது, திட்டத்துக்கு வரும், விளக்கத்துக்குப் போடாம இருக்குறது நல்லது.

கிரெடிபிள்னா நம்பகமான, சாட்சிக்கும் சோர்ஸுக்கும். கிரெடுலஸ்னா எதைச் சொன்னாலும் நம்புற ஆள். கிரெடிட்டபிள்னா பாராட்டத் தக்க. சாட்சி கிரெடுலஸ்னு எழுதினா அந்த மனுஷன் ஏமாளின்னு எழுதிட்டீங்க.

தியரி, நிலைப்பாடு பத்திப் பேசும்போது டெனபிள் வரும், எதிர்ப்பு வந்தாலும் தாக்குப் பிடிக்கும்னு அர்த்தம். நிஜத்துல இதோட எதிர்ப்பதம் அன்டெனபிள்தான் அதிகம் கண்ணுல படும். பயத்துக்கும் சந்தேகத்துக்கும் வெல்-ஃபவுண்டட், ஆதாரம் இல்லன்னா அன்ஃபவுண்டட், கோவமா சொல்லணும்னா பேஸ்லெஸ்.

8. எதிர்ப்பதம் போடும்போது

முன்னொட்டை உத்தேசமா போடாதீங்க, மூணு விதி பாதி தூரம் கொண்டு போகும். எல் (l) எழுத்துல ஆரம்பிச்சா இல், இல்லாஜிக்கல். ஆர் (r) எழுத்துல ஆரம்பிச்சா இர், இர்ரேஷனல். பி (p) எழுத்துல ஆரம்பிச்சா இம், இம்பிளாசிபிள். ஆனா ரீசனபிள் ஆர்ல ஆரம்பிச்சும் அன்ரீசனபிள், பெர்சுவேசிவ் பில ஆரம்பிச்சும் அன்பெர்சுவேசிவ், இதெல்லாம் மனப்பாடம்தான். சவுண்டுக்கு அன்சவுண்ட், வேலிடுக்கு இன்வேலிட், கோஹியரன்டுக்கும் கன்சிஸ்டன்டுக்கும் கன்குளூசிவுக்கும் இன். கோஜென்டுக்கு ஒரு வார்த்தையில எதிர்ப்பதம் தேடாதீங்க, வீக்னு போட்டுட்டுப் போங்க.

இன்வேலிட் சத்தமா சொல்லும்போது ரெண்டாவது அசைய அழுத்துங்க. மொத அசைய அழுத்தினா நோயாளிங்கற பழைய சொல் ஆயிரும், இன்னைக்கு அது மரியாதை இல்லாத வார்த்தை.

வெறுமனே தப்புன்னு சொல்லாம "பாக்க சரி, உள்ள ஓட்டை"ன்னு சொல்லணும்னா ஸ்பீஷியஸ். ஜிஆர்இல இது ஆசைப்பட்டுக் கேக்குற வார்த்தை. ஸ்பூரியஸ் அதோட சொந்தக்காரன் மாதிரி தெரியும், ஆனா அது போலியான, ஸ்பூரியஸ் கோரிலேஷன்னா ரெண்டு எண் சேந்து ஏறுது ஆனா ஒண்ணுக்கொண்ணு நிஜத் தொடர்பு இல்ல. ஃபாலேஷியஸ்னா தர்க்கத்துல பிழை உள்ளது. நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமா வச்சா சர்க்குலர்.

9. ஜோடி சேக்கிறது

வெரி வேலிட், வெரி கன்குளூசிவ்னு எழுதினா காதுல இடிக்கும், அதெல்லாம் இருக்கு இல்ல ரெண்டுல ஒண்ணுங்கற வார்த்தை. பெர்ஃபெக்ட்லி வேலிட், பெர்ஃபெக்ட்லி லாஜிக்கல், பெர்ஃபெக்ட்லி ரீசனபிள் போடுங்க. ஹைலி பிளாசிபிள் வரும். இன்டர்னலி கன்சிஸ்டன்ட், லாஜிக்கலி சவுண்ட், எமினென்ட்லி சென்சிபிள் இதெல்லாம் கட்டி வச்ச ஜோடி, அப்படியே எடுத்துக்கலாம். ரீசனபிளி குட்னு பாத்தா நியாயமா நல்லதுன்னு மொழிபெயர்க்காதீங்க, ஓரளவு நல்லா இருக்குன்னுதான் அர்த்தம், ரெஃபரன்ஸ் லெட்டர்ல உங்களைப் பத்தி அப்படி எழுதிருந்தா சந்தோஷப்பட வேண்டாம்.

சந்தேகம் வர்ற ஜோடிய எல்லாம் ஸ்கெல்ல அடிச்சுப் பாருங்க. உதாரணமே கிடைக்கலன்னா அந்த ஜோடிய விட்டுடுங்க, இலக்கணப்படி சரியா இருந்தாலும்.

10. பரீட்சை எழுதுறவங்களுக்கு நேரக் கணக்கு

ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் மொத்தம் 60 நிமிஷம், டாஸ்க் 2க்கு, அதாவது கட்டுரைக்கு, 40 நிமிஷம் வைங்கன்னு அவங்களே சொல்றாங்க, குறைஞ்சது 250 வார்த்தை. மார்க் நாலு தலைப்புல சரிசமமா பிரியுது, வொக்காபுலரி அதுல ஒண்ணு, அதாவது 25 சதவீதம். நான் மேல சொன்ன பிடிஎஃப்ல அந்த வரிசையப் படிச்சீங்கன்னா அபூர்வமான வார்த்தை மட்டும் இல்ல, சரியான இடத்துல விழுந்த வார்த்தையும் கொலொகேஷனும் (எந்த வார்த்தை எதோட ஜோடி சேரும்ங்கறது) பாக்கப்படுதுன்னு தெரியும். அதனால 250 வார்த்தை கட்டுரைக்கு இந்தக் கும்பல்லேருந்து மூணு நாலு போதும், பத்து தேவையே இல்ல. கடைசி அஞ்சு நிமிஷத்தை எடுத்து வச்சு, கட்டுரையில வந்த ஒவ்வொரு அட்ஜெக்டிவுக்கும் அதோட நவுனை விரல் வச்சுப் பாருங்க, சேரலன்னு தோணினா அடிச்சுட்டு ஈசியான வார்த்தைய எழுதுங்க.

ஜிஆர்இ வேற விளையாட்டு. 2023 செப்டம்பர்லேருந்து பரீட்சை சுருங்கிருச்சு, கட்டுரை ஒண்ணுதான், 30 நிமிஷம். வெர்பல் மொத செக்‌ஷன் 12 கேள்வி 18 நிமிஷம், ரெண்டாவது 15 கேள்வி 23 நிமிஷம், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான் தேறும். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்ல ஒரு கோடிட்ட இடம், ஆறு வார்த்தை, வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம் தர்ற ரெண்டை எடுக்கணும், ஒண்ணு சரியா ஒண்ணு தப்பான்னா அரை மார்க் எல்லாம் கிடையாது. கோஜென்ட்டும் கம்பெல்லிங்கும் ஜோடியா வரலாம், பக்கத்துலயே ஸ்பீஷியஸும் பிளாசிபிளும் ஜோடி மாதிரி நின்னு ஏமாத்தும், ஸ்பீஷியஸ்னா தப்புன்னு தீர்ப்பு சொல்லியாச்சு, பிளாசிபிள் தீர்ப்பு சொல்லல, அதனால ரெண்டும் ஒண்ணில்ல. இதுக்குத் தயாராகும்போது வார்த்தைய தனித்தனியா மனப்பாடம் பண்ணாம ஒரு நாளைக்கு ஒரு கும்பல்னு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நவுனைச் சேத்து எழுதி வைங்க, அரை மணி நேரம் போதும், ஒரு வாரம் கழிச்சு நவுனை மட்டும் பாத்து அட்ஜெக்டிவ் ஞாபகம் வருதான்னு பாருங்க. வராததை மட்டும் திரும்ப எழுதுங்க.